காவலாளி முதல் தாதி வரை: நம் நாட்டில் மனநோய் மருத்துவப் பணி



ஓர் ஊரின் பெயரே ஏசலாக மாறிப் போவதுண்டு. நம் நாட்டில் அந்தக் கதி தஞ்சோங் ரம்புத்தானுக்கு நேர்ந்தது. பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு அருகில், கிந்தா ஆற்றை ஒட்டிய சிற்றூர் அது. பழத்தின் பெயரைத் தாங்கிய அழகான ஊர். ஆயினும் தோட்டத்து லயத்திலும் சரி, பட்டணத்துக் காப்பிக் கடையிலும் சரி, "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று ஒருவர் சொன்னால் அதற்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. சிங்கப்பூரில் இதே வேலையை 'ஊட்பிரிட்ஜ்' என்ற பெயர் செய்து வந்தது. இந்த இரண்டு பெயர்களுக்குப் பின்னாலும் நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் மருத்துவர்களின் பெயர்கள் உள்ளன. கட்டடங்கள் எழுந்த ஆண்டுகள் உள்ளன. நோயாளியின் பக்கத்திலேயே இரவும் பகலும் இருந்தவர்களைப் பற்றித்தான் அதிகமாக எழுதப்படவில்லை. இன்றைய உரை அவர்களைப் பற்றியது. அந்தப் பணிக்கு இன்று ஆள் ஏன் மிகுதியாகத் தேவைப்படுகிறது, அதற்கு என்ன படிக்க வேண்டும் என்பதையும் பிற்பகுதியில் காண்போம்.

இப்பகுதியில் மனநோயாளிகளுக்கென்று தனி இடம் அமைந்த கதை சிறைச்சாலையில் தொடங்குகிறது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பெயரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இருந்த காலம் அது. சித்தம் கலங்கித் தெருவில் திரிபவரைப் பிடித்தால் சிறையில்தான் அடைத்தார்கள். 1840ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ச் சிறையில் அவ்வாறு அடைபட்டிருந்த ஒருவர், உடனிருந்த மற்றொருவரைக் கொன்றுவிட்டார். அரசாங்கம் அதன் பிறகே விழித்துக்கொண்டது. 1841ஆம் ஆண்டில் 30 பேர் தங்கக்கூடிய மருத்துவமனை ஒன்று கட்டப்பட்டது. ஆக, அந்தக் கட்டடத்தை எழுப்பியது கருணை என்பதைவிட அச்சம் என்பதே பொருந்தும். இந்தத் தொடக்கத்தின் தழும்பு வெகுகாலம் மறையவில்லை என்பது என் கருத்து.

அந்நாளில் மருத்துவமனை வேலைகளைச் செய்தவர் யார்? இந்தியாவின் மூன்று மாகாணங்களிலிருந்தும் நாடு கடத்தப்பட்ட கைதிகள் நீரிணைக் குடியேற்றங்களில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. சாலை போட்டவர்கள் அவர்கள். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் அவர்கள். மருத்துவமனைகளில் எடுபிடி வேலைக்கும் அவர்களையே அமர்த்தினார்கள். கைதி முறை 1873ஆம் ஆண்டோடு ஒழிந்தது. பிறகு கூலிக்கு ஆள் எடுத்தார்கள். அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்ட தகுதி உடல் வலு ஒன்றுதான். நோயாளி ஓடினால் பிடிக்க வேண்டும், அடித்தால் தடுக்க வேண்டும், இரவில் கதவுகளைப் பூட்டி ஆட்களை எண்ண வேண்டும். இதற்குப் படிப்பு எதற்கு என்று நினைத்தார்கள்.

1887ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சிப்பாய் லைன் பகுதியில் புதிய மனநோய் விடுதி திறக்கப்பட்டது. அதன் மேற்பார்வை மருத்துவராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய டாக்டர் கில்மோர் எல்லிஸ், மலாய் மக்களிடையே காணப்பட்ட 'அமோக்', 'லாத்தா' என்னும் இரு நிலைகளைப் பற்றி 1890களில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரைகள் எழுதினார். மருத்துவ உலகம் அவற்றை இன்றும் மேற்கோள் காட்டுகிறது. எல்லிஸ் ஆங்கிலேயர், அவருடைய நோயாளிகளோ ஹொக்கியன், கந்தோனீஸ், தமிழ், மலாய், ஜாவானியம் எனப் பல மொழி பேசியவர்கள். நோயாளி என்ன சொல்லி அழுகிறார், எந்தக் குரல் தன் காதில் கேட்பதாகச் சொல்கிறார் என்பது, அதே மொழி பேசும் பணியாளர் எடுத்துச் சொன்னால் அன்றி மருத்துவருக்கு எட்டியிருக்காது. இந்த மொழிச் சிக்கலை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இன்றைய நிலைமைக்கும் இது பொருந்தும்.

இனிக் கோலாலம்பூருக்கு வருவோம். 1905ஆம் ஆண்டில் அங்கிருந்த மனநோய் விடுதியில் நடந்த ஒரு சோதனை, உலக மருத்துவ வரலாற்றிலேயே இடம் பெற்றது. அந்நாளில் 'பெரிபெரி' என்னும் நோய் மலாயா முழுவதும் மக்களை வாட்டிக்கொண்டிருந்தது. கால் மரத்துப் போகும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் நின்றுவிடும். சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களை அது கூட்டங்கூட்டமாகக் கொன்றது. தமிழர்களை அவ்வளவாகத் தொடவில்லை. காரணம் யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் வில்லியம் பிளெட்சர் என்பவர் விடுதி நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசிச் சோறும், மற்றொரு பிரிவுக்குப் புழுங்கல் அரிசிச் சோறும் கொடுத்து வந்தார். கட்டடத்திலிருந்துதான் நோய் பற்றுகிறதோ என்ற ஐயத்தைத் தீர்க்க, நடுவில் இரு பிரிவினரின் இடங்களையும் மாற்றிப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களில் பலருக்குப் பெரிபெரி கண்டது, சிலர் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்டவர்கள் தப்பினர். நம் தோட்டத்துப் பாட்டிமார் ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கம் அவர்களை எவ்வாறு காத்தது என்பது அப்போதுதான் விளங்கத் தொடங்கியது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்தச் சத்தாகிய வைட்டமின் பி1ஐத் தனியே பிரித்தெடுத்தது 1926ஆம் ஆண்டில்தான்.

இதை நாம் பெருமையாகச் சொல்லிக் கொள்கிறோம். ஆனால் அந்தச் சோதனைக்கு அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. வாய்விட்டு மறுக்கத் தெரியாதவர்கள் என்பதால் அவர்கள் வசதியாக இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மேலும், எந்தத் தட்டில் எந்தச் சோறு போனது, யாருடைய கால் வீங்கியது என்று நாள்தோறும் பார்க்காமல் இத்தகைய சோதனை நடந்திருக்க முடியாது. சோறு பரிமாறியவர்கள் விடுதிப் பணியாளர்கள். மனநோய்த் தாதிமையின் உயிர்நாடி நாள்தோறும் உற்றுப் பார்த்தல்தான். படிப்பில்லாத அந்தப் பணியாளர்களிடம்கூட அது இருந்திருக்கிறது.

கூட்டு மலாய் மாநிலங்கள் அனைத்துக்கும் பொதுவான மனநோய் விடுதி 1911ஆம் ஆண்டில் தஞ்சோங் ரம்புத்தானில் திறக்கப்பட்டது. அதன் முதல் மேற்பார்வை மருத்துவர் டாக்டர் சாமுவெல்ஸ். பின்னர் அதற்கு மத்திய மனநோய் மருத்துவமனை என்ற பெயர் வந்தது. மருந்து என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லாத காலம். ஆகவே உடலுழைப்பையே மருந்தாகக் கொடுத்தார்கள். நோயாளிகள் காய்கறி பயிரிட்டார்கள், பாய் முடைந்தார்கள், துணி தைத்தார்கள். ஜொகூர் பாருவை அடுத்த தம்போயில் 1930களில் மற்றொரு பெரிய மருத்துவமனை எழுந்தது. சிங்கப்பூரின் மருத்துவமனை 1928ஆம் ஆண்டில் இயோ சூ காங் சாலைக்குப் பெயர்ந்தது; 1951ஆம் ஆண்டில் ஊட்பிரிட்ஜ் என்று பெயர் பெற்றது. இவை எல்லாம் ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் அமைந்தவை. பணியாளர் குடியிருப்பும் உள்ளேயே இருந்தது. நோயாளி வெளியே வர முடியாதது போலவே பணியாளரும் ஒருவகையில் உள்ளேயே வாழ்ந்தார்.

ஆண்கள் பகுதிக்கு ஆண் பணியாளர், பெண்கள் பகுதிக்குப் பெண் பணியாளர் என்பது அக்காலத்து விதி. பொது மருத்துவமனைத் தாதிமை பெண்களின் தொழிலாகவே வளர்ந்திருக்க, மனநோய்த் தாதிமையில் மட்டும் தொடக்கம் முதலே ஆண்கள் சரிபாதியாக இருந்ததற்கு இதுவே காரணம். இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காவலாளி எப்போது தாதியானார் என்பதை அறிய, சற்றே பிரிட்டனுக்குச் செல்ல வேண்டும். நம் நாட்டு விதிகள் அங்கிருந்துதான் வந்தன. அங்கும் மனநோய் விடுதிப் பணியாளர் கூலியாட்களாகவே கருதப்பட்டனர். 1885ஆம் ஆண்டில் மனநோய் மருத்துவர்களின் சங்கம் அவர்களுக்கென்று ஒரு கையேடு வெளியிட்டது. சிவப்பு அட்டை போட்டதால் அதைச் சிவப்புக் கையேடு என்றே அழைத்தார்கள். உடலின் உறுப்புகள், முதலுதவி, நோயாளியின் நடத்தையைக் கவனித்துக் குறிப்பெடுக்கும் முறை ஆகியவை அதில் இருந்தன. 1891ஆம் ஆண்டில் முதல் தேர்வு நடந்தது. தேறியவர்களுக்குச் சான்றிதழ் கிடைத்தது. அமெரிக்காவில் மக்லீன் மருத்துவமனை 1882ஆம் ஆண்டிலேயே இதற்கெனப் பயிற்சிப் பள்ளி தொடங்கியிருந்தது. 1919ஆம் ஆண்டில் பிரிட்டனில் தாதியர் பதிவுச் சட்டம் வந்தபோது, பொதுத் தாதியருக்கு முதன்மைப் பதிவேடும், மனநோய்த் தாதியருக்குத் துணைப் பதிவேடும் வைத்தார்கள். துணைப் பதிவேடு என்ற சொல்லே, அவர்களை எந்த வரிசையில் உட்கார வைத்தார்கள் என்பதைக் காட்டிவிடுகிறது.

அந்தத் துணை வரிசையிலிருந்து அவர்களை முன்னுக்குக் கொண்டுவந்தது சிகிச்சை முறைகளின் மாற்றமே. 1917ஆம் ஆண்டில் வியன்னாவில், மேகநோய் மூளையைத் தாக்கியதால் சித்தம் கலங்கியவர்களுக்கு வேண்டுமென்றே மலேரியாக் காய்ச்சலை உண்டாக்கிச் சிகிச்சை செய்தார்கள். 1933ஆம் ஆண்டளவில் இன்சுலின் சிகிச்சை வந்தது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் இன்சுலின் ஊசி போடுவார்கள். இரத்தத்தில் சர்க்கரை இறங்கும், வியர்வை கொட்டும், நோயாளி நினைவிழந்து ஆழ்ந்த மயக்கத்தில் கிடப்பார். குறித்த நேரம் ஆனதும் குழாய் வழியே சர்க்கரைக் கரைசல் செலுத்தி எழுப்புவார்கள். சில நிமிடத் தாமதம் உயிரைக் கொண்டுபோய்விடும். மருத்துவர் ஊசி போட்டுவிட்டு அடுத்த கூடத்துக்குப் போய்விடலாம். நாடியைப் பிடித்தபடி, மூச்சை எண்ணியபடி, கருவிழியைப் பார்த்தபடி அருகில் அமர்ந்திருந்தவர் தாதி. இந்தச் சிகிச்சையால் நோய் தீரவில்லை என்பது பின்னால் தெரிந்து, அதைக் கைவிட்டார்கள். சிலருக்குக் குணம் கண்டது போலத் தோன்றியதற்கு, தாதி நாள் முழுவதும் அவர்களோடு இருந்து பராமரித்ததே காரணமாக இருக்கலாம் என்று கூறிய மருத்துவர்களும் உண்டு. பயன் தராத ஒரு சிகிச்சை, பயன் தரும் ஒரு தாதியை உருவாக்கியது! 1938ஆம் ஆண்டில் ரோம் நகரில் தொடங்கிய மின்னதிர்வுச் சிகிச்சை, மயக்க மருந்தோடு பாதுகாப்பான முறையில் இன்றும் நடைபெறுகிறது.

இடையில் போர் வந்தது. 1941ஆம் ஆண்டின் இறுதியில் தம்போய் மருத்துவமனையில் ஆஸ்திரேலியப் படையின் மருத்துவமனை இயங்கியது. சிங்கப்பூர் வீழ்ந்த பிறகு, அங்கிருந்த மனநோய் மருத்துவமனையை ஜப்பானியர் எடுத்துக்கொண்டு மியாக்கோ மருத்துவமனை என்று பெயரிட்டனர். நோயாளிகளில் பலரைச் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு அனுப்பிவிட்டனர். மரவள்ளிக் கிழங்கே உணவாக இருந்த அந்த ஆண்டுகளில், வெளியே இருந்தவர்களே பட்டினியால் வீழ்ந்தபோது, பூட்டிய கதவுக்குள் இருந்தவர்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. மனநோய் விடுதிகளில் ஏராளமானோர் மாண்டனர். அவர்களுக்காக நடுகல் நட்டவர் எவருமில்லை.

போருக்குப் பின் வந்த ஆண்டுகளில்தான் உண்மையான திருப்பம் ஏற்பட்டது. 1952ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோயாளிகளுக்கு முதன்முதலில் முறையாகக் கொடுக்கப்பட்டது. 1950களின் பிற்பகுதிக்குள் அது உலகெங்கும் பரவியது. ஓயாமல் கத்திக்கொண்டிருந்தவர் அமைதியானார். பல்லாண்டு பேசாதிருந்தவர் பேசினார். கட்டுகள் அவிழ்ந்தன. அங்கே புதிய வேலை பிறந்தது. மருந்து உண்டவருக்குக் கை நடுங்கும், உடல் விறைக்கும், வாயில் எச்சில் ஒழுகும், கால் ஓரிடத்தில் நிற்காது. இது மருந்தின் விளைவா, நோயின் விளைவா என்று பிரித்தறிய வேண்டும். மாத்திரையை விழுங்கினாரா, நாவுக்கு அடியில் ஒளித்துக்கொண்டாரா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பேசத் தொடங்கியவருடன் பேச ஆள் வேண்டும். அதே 1952ஆம் ஆண்டில் ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்கத் தாதி, தாதிக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று நூல் எழுதினார். பூட்டும் சாவியும் கொண்டு செய்த வேலை அத்தோடு தகுதி இழந்துவிட்டது எனலாம்.

அக்காலத்தில் நம் நாட்டு இளைஞர்கள் பலர் கப்பலேறி பிரிட்டனுக்குச் சென்றார்கள். அங்குள்ள மனநோய் மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறை மிகுந்திருந்தது. அந்நாட்டு இளையோர் அந்த வேலைக்கு வர மறுத்தனர். எனவே மலேசியா, மொரீசியஸ், மேற்கிந்தியத் தீவுகள் போன்ற இடங்களிலிருந்து ஆள் எடுத்தார்கள். மூன்று ஆண்டுப் பயிற்சி. பயிற்சியின்போதே சம்பளமும் உண்டு. 1960களிலும் 1970களிலும் பல்கலைக்கழகத்துக்குச் செல்ல வசதியற்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அது ஒரு பெரிய கதவாக இருந்தது. சென்றவர்களில் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். திரும்பி வந்தவர்கள் இங்குள்ள மருத்துவமனைகளில் புதிய முறைகளைக் கொண்டுவந்தார்கள். இன்னொரு புறம், தோட்டத்து மக்கள் 'டிரசர்' என்று அழைத்த மருத்துவ உதவியாளர்களும் இத்துறையின் பாரத்தைச் சுமந்தார்கள்.

1958ஆம் ஆண்டில் பினாங்குப் பொது மருத்துவமனையில் மனநோய்ப் பிரிவு தொடங்கியது. இதில் என்ன பெரிய செய்தி என்று கேட்கலாம். பல் வலிக்காரரும் பிரசவத்துக்கு வந்தவரும் நுழையும் அதே வாயில் வழியே மனநோயாளியும் நுழையலாம் என்பதுதான் செய்தி. தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போய்வந்தவர் என்ற முத்திரை இல்லாமல் மருந்து பெற வழி பிறந்தது. பின்னர் மற்ற மாநிலங்களிலும் அவ்வாறே பிரிவுகள் ஏற்பட்டன. பெரிய மருத்துவமனைகளின் பெயர்களும் மாறின. தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை 'பஹாகியா' ஆயிற்று; தம்போய் 'பெர்மாய்' ஆயிற்று; கூச்சிங்கில் இருப்பது 'செந்தோசா'. மொழியாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பஹாகியா என்பது நாம் பாக்கியம் என்று சொல்லும் அதே வடசொல். செந்தோசா நம் சந்தோஷம்தான். பாக்கியம், சந்தோஷம் என்று பெயரிட்ட பிறகும் மக்கள் வாயில் பழைய பெயரே நிற்கிறது என்றால், பெயர்ப் பலகையை மாற்றுவது எளிது, பேச்சை மாற்றுவது கடினம் என்றுதானே பொருள்?

சட்டமும் மாறியது. 1952ஆம் ஆண்டின் மனநோயாளர் சட்டத்துக்குப் பதிலாக 2001ஆம் ஆண்டில் மனநலச் சட்டம் இயற்றப்பட்டு, 2010ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. நோயாளியின் உரிமை, சமூக மனநல நிலையம் ஆகியவற்றை அது வரையறுத்தது. 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவை நீக்கியது. அதுவரை உயிர் பிழைத்தவரின் கட்டிலருகே போலீஸ் விசாரணை காத்திருந்தது. அந்த இடத்தில் இப்போது நிற்க வேண்டியவர் மனநலம் பயின்ற தாதி.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டியுள்ளது. பெரிய மனநோய் மருத்துவமனைகளில் படுக்கைகள் குறைந்துவிட்டன, மருந்துகள் பெருகிவிட்டன, ஆகவே தாதியர் தேவையும் குறைந்திருக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். நடந்தது நேர்மாறு. பூட்டிய கூடத்தில் 50 பேரை இரண்டு பணியாளர்கள் காவல் காத்துவிடலாம். அதே 50 பேர் 50 வீடுகளில் வாழும்போது, ஒவ்வொரு வீட்டுக்கும் யாராவது போக வேண்டும். மாதம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ போடும் ஊசி தவறினால், சில மாதங்களில் நோய் திரும்பிவிடும். ஊசிக்கு வராதவர் ஏன் வரவில்லை என்று தேடிப் போவதும், பேருந்துக் கட்டணம் இல்லாததாலா, பக்க விளைவுக்கு அஞ்சியா, வீட்டில் சண்டையா என்று கேட்டறிவதும் சமூக மனநலத் தாதியின் வேலை. மதில் சுவர் செய்த வேலையை இப்போது மனிதர்கள் செய்ய வேண்டியிருக்கிறது.

நோயாளிகளின் எண்ணிக்கையும் சிறியதன்று. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வு, 2019ஆம் ஆண்டில் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 100க்கு 2.3 பேருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாகக் கண்டது. 2023ஆம் ஆண்டின் ஆய்வில் அது 4.6 ஆக இருந்தது. ஏறத்தாழப் பத்து லட்சம் பேர்! நான்கே ஆண்டுகளில் இரு மடங்கு. இடையில் பெருந்தொற்றுக் காலம் வந்து போனதை நாம் மறக்கவில்லை. தாதிக்கு மூன்றாண்டு, மேற்பயிற்சிக்கு அதற்கும் மேல் என்று பயிற்சிக் காலம் நீள்வதால், இந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பது எளிதன்று.

நம் மக்களைப் பொறுத்தவரை இன்னொரு தேவையும் இருக்கிறது. மனத்தின் வேதனையை மனிதன் தாய்மொழியில்தான் சொல்கிறான். அதையும் நேராகச் சொல்வதில்லை. "நெஞ்சு அடைக்குது", "தலை கனமா இருக்கு", "சாப்பாடு இறங்கல", "வீட்டுல இருக்கப் பிடிக்கல" என்று உடம்பின் மேல் ஏற்றிச் சொல்கிறோம். இவற்றை மலாயிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்தால் நெஞ்சு வலிக்கும் தலைவலிக்கும் மாத்திரை கிடைக்கும். "எனக்கு யாரோ செஞ்சு வச்சிட்டாங்க" என்று ஒரு மூதாட்டி சொன்னால், அது நம் ஊர் நம்பிக்கையா, நோயின் ஐயமா என்று பிரித்துப் பார்க்க, அந்தப் பேச்சில் பிறந்து வளர்ந்த காது வேண்டும். டாக்டர் எல்லிஸின் காலத்தில் இருந்த அதே சிக்கல், நூறாண்டு கடந்தும் இருக்கிறது.

தோட்டங்களில் நான் கண்டது இதுதான்: பிள்ளைக்குச் சித்தம் தடுமாறினால் முதலில் கோயில், பிறகு மந்திரவாதி, பிறகு வேறு ஊர் மந்திரவாதி. மருத்துவமனை கடைசியில். கோயிலுக்குப் போவதை நான் குறை கூறமாட்டேன். அது பெற்றவர்களுக்கு ஆறுதல். ஆனால் மனச்சிதைவு நோயில் முதல் சில மாதங்கள் மிகவும் விலையுயர்ந்தவை. விரைவில் மருந்து தொடங்கியவர் வேலைக்குத் திரும்பும் வாய்ப்பு மிகுதி. ஆண்டுக்கணக்கில் பின்னறையில் வைக்கப்பட்டவருக்கு அந்த வாய்ப்புக் குறைந்துகொண்டே போகிறது. அந்த வீட்டுக்குள் நுழைந்து, தாயிடம் தமிழில் பேசி, "அம்மா, இது நீங்க செஞ்ச பாவம் இல்ல, சர்க்கரை வியாதி மாதிரி இதுவும் ஒரு வியாதிதான்" என்று சொல்ல ஒருவர் இருந்தால் எத்தனை ஆண்டுகள் மிஞ்சும்!

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தியின் தாயார் பள்ளிக்கு வந்திருந்தார். மகள் தாதியாகி, மனநலப் பிரிவில் மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். "சார், மிஸ்ஸி வேலைக்கு அவ படிச்சப்ப நானே நகைய அடகு வச்சேன். ஆனா அந்த ஆஸ்பத்திரி மட்டும் வேணாம் சார். நீங்க சொன்னா கேப்பா. நாளைக்கு யாரு அவளப் பொண்ணு கேட்டு வருவாங்க?" என்றார். அந்தத் தாயைக் குற்றம் சொல்ல முடியாது. பைத்தியத்தோடு பழகினால் பைத்தியம் ஒட்டிக்கொள்ளும் என்று அவருடைய காலத்தில் சொல்லியே வளர்த்தார்கள். மனநோய் தொற்றுநோய் அன்று. மனநோயாளரில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குபவர்களும் அல்லர். வேலையில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. கொந்தளிக்கும் நோயாளியைக் காயமின்றி அமைதிப்படுத்தும் முறை பயிற்சியின் ஒரு பாடமாகவே இருக்கிறது. அந்த அம்மையாரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் அரை மனத்தோடுதான் போனார். மகள் பயிற்சிக்குப் போய்விட்டாள்.

இனித் தகுதிகளைப் பார்ப்போம். மலேசியாவில் மனநலத் தாதியாக வேண்டுமானால் முதலில் பொதுத் தாதியாக வேண்டும். எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழி, கணிதம், ஓர் அறிவியல் பாடம் ஆகியவற்றில் கிரெடிட் பெற்றிருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் தேறியிருக்க வேண்டும். பிறகு மூன்றாண்டு டிப்ளோமா. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரிகளிலும், அரசாங்க, தனியார் உயர்கல்விக் கூடங்களிலும் அதைப் படிக்கலாம். பல்கலைக்கழகப் பட்டமாகப் படிப்போரும் உண்டு. அதற்கு நான்கு ஆண்டுகள். படிப்பு முடிந்ததும் மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறிப் பதிவு பெற வேண்டும். சில ஆண்டுகள் பணியாற்றிய பிறகே மனநலத் தாதிமையில் மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்க முடியும். அந்தப் பயிற்சியின் பெரும்பகுதி வகுப்பறையில் நடப்பதில்லை. மருத்துவமனைக் கூடம், வெளிநோயாளர் பிரிவு, சமூக மனநல நிலையம், நோயாளியின் வீடு என்று நான்கு இடங்களிலும் பழக வேண்டும். சிங்கப்பூரில் பாலிடெக்னிக் டிப்ளோமாவுக்குப் பின் மனநலத்தில் உயர் டிப்ளோமா பெறும் வழி இருக்கிறது. ஊட்பிரிட்ஜ் மருத்துவமனை 1993ஆம் ஆண்டில் புவாங்கோக்கில் புதிய கட்டடத்துக்கு மாறி, மனநலக் கழகம் என்ற பெயரில் இயங்கி வருகிறது.

தாதிப் படிப்புக்கு ஆண்களும் விண்ணப்பிக்கலாம். மற்றொரு வழியாக, மருத்துவ உதவியாளர் டிப்ளோமாவும் இருக்கிறது. அதுவும் மூன்றாண்டு, 1977ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு பெற வேண்டும். அவர்களிலும் மனநலத்தில் மேற்பயிற்சி பெற்றோர் மருத்துவமனைகளில் பணிபுரிகின்றனர்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒரு செய்தியோடு முடித்துக்கொள்கிறேன். நம் பிள்ளைகளில் பலர் விண்ணப்பிக்கும் கட்டத்துக்கு வந்த பிறகே அறிவியலில் கிரெடிட் இல்லை, கணிதத்தில் கிரெடிட் இல்லை என்று அறிகிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. படிவம் நான்கில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மலாய் மொழியிலும் கணிதத்திலும் கூடுதல் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் வட்டாரத்துச் சுகாதார நிலையத்தில் மனநலப் பிரிவில் பணிபுரியும் தாதி ஒருவர் இருப்பார். பிள்ளையை ஒருநாள் அழைத்துச் சென்று அவரிடம் பேச விடுங்கள். அந்த வேலையில் என்ன கடினம், என்ன மனநிறைவு என்பதை அவரைவிட நன்றாக நான் சொல்லிவிட முடியாது.